சந்தையில் என் காலைப் பிடித்த யானை

நண்பர்களே, இதை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே சொல்கிறேன்.

இன்று காலை தளி பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கிச் சந்தைக்குள் நடந்தேன். நூறு அடி போவதற்குள் ஒரு தேன்கனிக்கோட்டைக் காட்டு யானை என் இடது கெண்டைக்காலைத் துதிக்கையால் முறுக்கியது. நின்றேன், விட்டுவிட்டது. நடந்தேன், மறுபடி பிடித்தது!

மானம் போகக்கூடாதே! நின்ற இடத்திலெல்லாம், மகாராஜா வீட்டுக் கல்யாணத்துக்குக் காய் வாங்குபவன் போல, "பீன்ஸ் கிலோ என்ன விலை?" என்று அதட்டினேன்.

பின்னால் வந்த எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சிரித்தார்.

"நாலு கடையில விலை கேட்டீங்க, ஒரு காய்கூட வாங்கலையே. நடந்தா வலிக்குது, நின்னா போயிடுதா?"

"வலியா? யானைங்க!"

அங்கிருந்த ஒரு காய் மூட்டைமேல் உட்காரவைத்து என் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார்.

"வலது பாதத்துல நாடி துடிக்குது, இடதுல கிடைக்கலை. ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்போல. வயசு வலின்னு விட்டா, சின்னப் புண்ணுகூட ஆறாம காலே போயிடலாம். நாளைக்கே டாக்டரைப் பாருங்க. சட்டைப் பையில எட்டிப் பார்க்குதே, அந்தப் பீடியை இன்னைக்கே விடுங்க."

"யானையை விட்டுட்டுப் பீடியைப் பிடிக்கிறீங்களே!"

"அந்த யானைக்குத் தீனியே அதுதாங்க."

சரி, யானை பொய். இடது பாதத்தில் நாடி கிடைக்காதது மட்டும் நிஜம். நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

என்னோடு சேர்ந்து பீடியை விடப்போகிற வீரர்கள் யார்?

என்ன, எல்லோரும் திடீரென்று பீன்ஸ் விலை கேட்கிறீர்கள்?