நத்தை முத்திரை

சித்திக்கு அருவருப்பு அதிகம். பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். சித்தப்பா குடித்த டம்ளரைக் கழுவாமல் தொடமாட்டாள். “என்னையே கழுவிட்டுத்தான் கட்டிக்கிட்டா” என்பார் அவர். அப்படிப்பட்டவள் பழைய பொருள் விற்கும் கடையில், யார் யார் வீட்டிலோ கிடந்த கடிகாரங்களுக்குள் கைவிட்டுச் சம்பாதித்தது எங்கள் வீட்டில் தீராத வேடிக்கை.

கடிகாரத்தைச் செய்தவர் யார் என்று சொல்வது அவள் வேலை. டயலில் இருக்கும் பெயரை நம்பமாட்டாள். அது பெரும்பாலும் விற்ற கடையின் பெயராக இருக்கும். செய்தவர் தன் முத்திரையை உள்ளே பின்தகட்டில் குத்தியிருப்பார். அதைப் பார்க்கப் பெட்டியைத் திறக்கவேண்டும். திறந்தால் நாற்றம். ஓடாத கடிகாரத்துக்கு யாராவது சமையல் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அது கெட்டுப் பிசினாகி, கரப்பான் சிறகும் பல்லி முட்டை ஓடும் அதில் பதிந்திருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டுவாள். அன்று இரவுச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் ஒரு சுவர்க் கடிகாரத்தைச் சுரண்டியபோது நகத்தளவு நத்தை ஒன்று தெரிந்தது. முன்பும் அதே முத்திரையைப் பார்த்திருக்கிறாள். அதிகம் பேருக்குத் தெரியாத, சின்னப் பட்டறைக்காரர் ஒருவருடையது.

“கடிகாரம் செய்யறவரு நத்தைய வெச்சிருக்காரு பாரு. என்ன குசும்பு.”

வேலையைப் பற்றிப் பேசி அவள் சிரித்தது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. பேர்போன கடிகாரக்காரர் ஒருவரின் பெயரை அவர் ஏற்கெனவே டயலில் எழுதவைத்திருந்தார். வாங்க வரவிருந்த பல் டாக்டரோ, சித்தி வாயால் சொன்னால்தான் நம்புவேன் என்றிருந்தார்.

“ஒரு பேருதானம்மா, சொல்லிட்டுப் போயேன். முடியாதுன்னா வேற இடம் பாத்துக்க.”

மறுநாள் சித்தியை அழைத்துவரக் கடைக்குப் போனேன். டாக்டர் எதிரில் அவள் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் துடைத்துவைத்த தகடெங்கும் மறுபடி அழுக்கு. சித்தி விரலை வைத்தாள். பழைய அழுக்கு கல்லாக இறுகியிருக்கும். இது கொழகொழவென்று விரலோடு வந்தது, கரப்பான் சிறகோடு. அவள் குப்பைக்கூடையில் போட்டதை எடுத்துப் புது எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள்.

வாந்தி எடுத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

“சொல்லுங்கம்மா, யார் செஞ்சது?” என்றார் டாக்டர்.

“நத்தை முத்திரைக்காரர் ஒருத்தர், டாக்டர். நேத்து வரைக்கும் முத்திரை இங்க இருந்துச்சு.”

துணியால் ஓர் இழுப்பு இழுத்தாள். நத்தை இருந்த இடத்தில் அரம் ராவிய தடம் பளபளத்தது.

டாக்டர் முதலாளியைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

“கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேம்மா” என்றார் முதலாளி.

“குப்பைக்கூடையப் போய்க் கிளறியிருக்கீங்களே” என்றாள் சித்தி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்றாள். சோப்பு பாதியாகக் கரைந்தது.

“வேலை போச்சா?” என்றார் சித்தப்பா.

“போச்சு. கை இன்னும் நாறுது.”

அவர் அவள் கையை எடுத்து முகர்ந்தார். “சோப்பு வாசனைதான் வருது.”

“உங்க மூக்கை யார் கேட்டா?” என்று கையை உருவிக்கொண்டு, அவர் தொட்ட இடத்தையும் சேர்த்துக் கழுவினாள்.