லைச்சி மரத்துக்குப் பயம் காட்டினது

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு முந்தி. சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு லைச்சி மரம் நின்றது. பெரியப்பா வைத்தது. அவருக்குத் துறைமுகத்தில், கப்பல் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டு வரும் தொங்காங்குப் படகில் வேலை. சீனாக் கப்பல்காரர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொடுத்த கன்று அது.

வைத்தது அவர். வளர்த்தது பெரியம்மா. அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். இறால் தோலை வேரில் படாமல் தள்ளிப் புதைப்பாள். மழை இல்லாத மாதங்களில் தேங்காய் மட்டையை அடியில் பரப்பி ஈரம் காப்பாள். தளிர் செம்பு நிறத்தில் வரும், பிறகு பச்சையாகும். மொட்டையாக நின்றதே இல்லை. கூரைக்கு மேலே போய்விட்டது. பூ மட்டும் வைக்கவில்லை. லைச்சிக்குக் குளிர் வேண்டும், பினாங்குச் சூட்டுக்குக் காய்க்காது என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஒரே வீடு என்பதால் நான் அவளிடம்தான் படுப்பேன். அந்த வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து அத்தை கடிதம் போட்டாள். பெரியப்பாவுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று, மாசி மாதக் கப்பலில் வரவும் என்று. அப்பா சத்தமாகப் படித்தார். பெரியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பெரியப்பா போகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊரிலிருந்து எனக்கு என்ன வாங்கி வருவார் என்பதுதான் என் யோசனை.

மரத்துக்கு வழி சொன்னது பால்காரர்.

"அண்ணே, பயம் காட்டணும்லா. சும்மா சோறு போட்டா அது சோம்பேறியாத்தான் நிக்கும்."

முறையையும் சொன்னார். ஒருவர் கத்தியை ஓங்கிக்கொண்டு வெட்டப் போக வேண்டும். இன்னொருவர் தடுத்து, வெட்டாதீர்கள், அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்காகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றினவர்தான் அதைச் சொல்ல வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா பாராங்கு கத்தியோடு நின்றார். பால்காரரும் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"எட்டு வருசமா தண்ணி குடிச்சிட்டு நிக்கிறே. ஒரு பழம் உண்டா? வெட்டிப்புட்டு வேற வைக்கப் போறேன்" என்று கத்தியை ஓங்கினார் பெரியப்பா. நடிப்பு நன்றாக இருந்தது. அப்பா சிரித்தார்.

அடுத்து பெரியம்மா சொல்ல வேண்டும்.

"சொல்லு. கை வலிக்குதுலா."

"அக்கா, சொல்லுங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெட்டாதீங்க பெரியப்பா, அடுத்த வருசம் காய்க்கும்" என்றேன்.

"நீயா பாப்பா தண்ணி ஊத்துனே? அவங்கதான் சொல்லணும்" என்றார் பால்காரர்.

பெரியம்மா மரத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தாள்.

"காய்க்காட்டியும் இருந்துட்டுப் போவுது" என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. முறை இல்லே" என்றார் பால்காரர். அப்பா சிரிப்பை நிறுத்தியிருந்தார். பெரியப்பா கத்தியை இறக்கினார். ஒன்றும் வெட்டாத கத்தியைக் கைலியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே கத்தியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். இந்தத் தடவை நான் சரியாகச் சொல்கிறேன் என்றேன். அவர் வாங்கிக் கூரை இறப்பில் செருகினார். "சொல்லியாச்சு, போ" என்றார்.

மாசிக் கப்பல் போனது. அன்றைக்கும் அவர் தொங்காங்கு வேலைக்குத்தான் போனார். சாயந்திரம் வந்து வழக்கம்போலச் சோறு கேட்டார்.

மரம் கடைசிவரை காய்க்கவில்லை. எனக்குப் பெரியம்மா மேல்தான் கோபம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூடத் தப்பாகச் சொல்லிவிட்டாளே என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.