சுவரொட்டி யார் தட்டில்?

டயட்டீஷியன் வேலை என்பது, பிடித்ததையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, 'மத்ததை வாங்கக் காசு எங்கே?' என்று கேட்பவர்கள் முன்னால் திருதிருவென்று விழிப்பது. திருவான்மியூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே மேஜை போட்டுக்கொண்டு பல வருஷமாக விழித்துக்கொண்டிருக்கிறேன். மாசக் கடைசியில் காய்கறிப் பையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் சீட்டு

ஸ்டெல்லா அக்கா ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். ஆனால் உடம்பில் ரத்தம் ரொம்பக் கம்மி. அது ஏறினால்தான் தேதி தருவேன் என்று டாக்டர் என்னிடம் அனுப்பிவிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தாலே அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதாம்.

நான் வழக்கமான அச்சடித்த சீட்டை நீட்டினேன். மாதுளை, பாதாம், பேரீச்சை, உலர் திராட்சை, ஆப்பிள். வீட்டில் புருஷன், இரண்டு பையன்கள். புருஷன் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அக்கா சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா மேடம், ரத்தம் ஊற வழி கேட்டா சீர்வரிசைத் தட்டுக்கு லிஸ்ட் குடுக்கறே?"

இரண்டாம் சீட்டு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அச்சடித்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கையாலேயே எழுதினேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெத்திலி, கடலை மிட்டாய், சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம். வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். இரும்புச்சத்துக்குப் பேர்போனது, கறி வாங்கும் காசும் ஆகாது. முருங்கை மரம் அவர் சந்திலேயே நிற்கிறது.

முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, வஞ்சிரத்துக்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்று உற்சாகமாக முழங்கினேன். அக்கா பதறிப்போய்க் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசு மேடம், வெளிய குந்திகினு கீறவரு என்கிட்ட வஞ்சிரம் வாங்கற கிராக்கி!"

ஏறியது யாருக்கு?

ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. ஏறவே இல்லை. டாக்டர் என்னை முறைத்தார். நான் அக்காவைக் குடைந்தேன். மாத்திரை? போட்டாராம். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாத டீ, சாப்பிட்ட கையோடு? இல்லையாம். கீரை, கேழ்வரகு, சுவரொட்டி? எல்லாமே சமைத்தாராம், பக்குவத்தைச் சொல்லச் சொல்ல எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

கூட வந்திருந்த புருஷன் அந்தோணி முகம் பளபளக்க உட்கார்ந்திருந்தார். சுவரொட்டி எப்படி இருந்தது என்று நான் கேட்டது அக்காவைத்தான். பதில் அவரிடமிருந்து வந்தது.

"சூப்பர் மேடம்! பசங்க சண்ட போட்டுகினு துன்றானுங்க. சீட்டு அவளுக்கு எழுதினீங்க, ஒடம்பு எங்க மூணு பேருக்கும் ஏறிகினு கீது!"

பங்கு

அப்போதுதான் விளங்கியது. ஆட்டுக்குச் சுவரொட்டி ஒன்றுதான். ஆம்பிளைகள் மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றில் பிசைந்து அக்கா சாப்பிடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முக்கால்வாசி என் மேல்தான். என்ன சாப்பிட வேண்டும் என்று இரண்டு சீட்டு எழுதினேனே, வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

உங்களுக்கு முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஐயே, வூட்டுக்காரருக்குத் தெரியாம திருடித் துன்ற மாதிரி கீது" என்று அக்கா கூசினார். படகு கரைக்கு வந்ததும், ஏலத்துக்கு முன்பே வீட்டுக் குழம்புக்கென்று ஒரு கை மீன் எடுத்து வைக்கிறீர்களே, அது திருட்டா என்று அந்தோணியைக் கேட்டேன்.

"அது பங்கு மேடம். இனிமே அவ பங்க நானே எடுத்து வெச்சிட்டுதான் சோத்துல கை வெப்பேன்."

தேதி

அடுத்த இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறியது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதிலென்ன வெட்கம். அக்கா எனக்கென்று ஒரு டப்பா நெத்திலி வறுவல் கொண்டுவந்திருந்தார். மதியம் இரண்டு மணி. டப்பாவைத் திறந்து நான் அள்ளிய வேகத்தைப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை இட்லியும் ஆறிப்போன காபியும் என்று உளறிவிட்டேன்.

"உன் பங்க யாரு மேடம் துன்னுட்டுப் போறது?"

என் வீட்டிலும் என்னைத் தவிர மூன்று பேர்தான், மூவருக்கும் ரத்தம் ரொம்ப நன்றாக இருக்கிறது.