சைக்கிள் தகட்டுக்கு ஒரு பெட்டி பீர்

ஆர்லெட்டின் வேலை பட்டாணியில் கல் பொறுக்குவது. பதினேழு வயதில் அந்தக் காய்கறித் தொழிற்சாலைக்குள் போனவள், ஐம்பத்தொன்பதிலும் அங்கேதான் நிற்கிறாள். ஓடும் பட்டையில் பட்டாணி பச்சை ஆறாகப் போகும். அதில் வரும் கூழாங்கல், நத்தை ஓடு, பட்டாணி மாதிரியே இருக்கும் விஷக்காய் எல்லாவற்றையும் விரலால் கொத்தி எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒருவருடைய பல் போகும். நாற்பத்திரண்டு வருடம் இதைச் செய்தவளுக்கு, மேலே பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்புகிற பழக்கம் போய்விட்டது.

விவாகரத்து ஆன வருடம் அவளுக்கு நாற்பத்து மூன்று. அந்தக் கோடையில் எங்காவது போக வேண்டும் என்று தோன்றியது. ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தெற்கே போனாள். ஓர்வால் மடத்தின் எதிரே மேசையில் தனியாக உட்கார்ந்து, துறவிகள் காய்ச்சிய பீரை முதல் தடவையாக அதற்குரிய கோப்பையில் குடித்தாள். முதல் வாய் கசந்தது. இரண்டாவது வாயில் ஈரத் தோலின் வாசனையும் ஆரஞ்சுத் தோலும் வந்தன. மூன்றாவது வாயில், இத்தனை நாள் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது.

அதன் பிறகு வருடம் ஒரு மடம். ரோஷ்ஃபோருக்கு மழையில் போனாள். ஆஸ்திரியாவின் மடத்துக்குப் போக ரயில் நான்கு மாறினாள். துறவிகள் தங்கள் சாப்பாட்டு மேசைக்கென்று மட்டும் காய்ச்சும் மெல்லிய பீர் ஒன்று உண்டு. அதில் ஒரு கோப்பைக்காக ஒரு மடத்தின் விருந்தினர் அறையில் மூன்று நாள் தங்கி, மூன்று நாளும் விடிவதற்கு முன்பே எழுந்து ஜெபத்தில் உட்கார்ந்தாள். "சாமி கும்பிடப் போனியா, குடிக்கப் போனியா?" என்று பட்டையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்று பதில் சொன்னாள். அவளுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஹேசல்போஸ் மடத்துக் கறுப்பு. வீட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர்தான். பாட்டிலில் பெயர்ச்சீட்டுகூடக் கிடையாது. மஞ்சள் மூடியைப் பார்த்துத்தான் அடையாளம். உலகத்திலேயே சிறந்த பீர் என்று அதைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த மடம் கடைகளுக்கு விற்பதில்லை. குறித்த காலையில் தொலைபேசியில் அழைக்க வேண்டும், கார் நம்பரைச் சொல்ல வேண்டும், சொன்ன நாளில் அதே காரில் வந்து இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அறுபது நாள் அந்த நம்பருக்குக் கிடையாது. வாங்கியதை வேறு யாருக்கும் விற்பதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

ஆர்லெட்டிடம் கார் இல்லை. ஓட்டக் கற்றுக்கொண்டதும் இல்லை.

தங்கை ரோசானின் கணவன் ஃபிர்மினிடம் கார் இருந்தது. தன் கார், மனைவி பெயரில் ஒன்று, மறைந்த அப்பாவின் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று என்று மூன்று நம்பர். மூன்றையும் சுற்றில் விட்டு மாதாமாதம் ஹேசல்போஸ் கறுப்பை எடுத்து வந்து, இணையத்தில் எட்டு மடங்கு விலைக்கு விற்றான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று அதில் ஒரு பாட்டிலை ஆர்லெட்டின் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"இந்தா, ஊர் ஊரா அலையிறியே, இதக் குடிச்சிட்டு ஓய்ஞ்சு உட்காரு."

ஆர்லெட் மூடியைப் பார்த்தாள். எடுத்து அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"நீ விக்கிறதுக்கு வாங்கினது இது. விக்க மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்கினது. எனக்கு வேணாம்."

"அப்ப என் கார் நம்பரச் சொல்லி நீயே வாங்கிக்க. பாதி எனக்கு."

"என் பேர்ல வாங்குவேன்."

"எப்படி, நடந்து போயா?" ஃபிர்மின் சிரித்தான். "பொம்பளைங்களுக்குன்னு செர்ரிப்பழ பீர் இருக்கு ஆர்லெட். இனிப்பா இருக்கும். அதுக்குக் கார் வேணாம்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோசானும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ஆர்லெட்டைச் சுட்டது. அன்றே முடிவு செய்தாள்: ஹேசல்போஸ் கறுப்பைத் தன் பெயரில், தன் சக்கரத்தில் வாங்கிக் குடிப்பது, இல்லையென்றால் குடிக்காமலே சாவது. இரவல் நம்பர் வேண்டாம்.

மடத்தின் தொலைபேசி வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம்தான் திறக்கும். உலகமே அந்த இரண்டு மணி நேரத்தில் அழைக்கும். ஆர்லெட் தொழிற்சாலை இடைவேளையில், பனிக்கட்டி அறைக்கு வெளியே கையுறையோடு நின்று அழைத்தாள். எட்டு வாரம், லைன் கிடைக்காதபோது வரும் 'டொக் டொக்' ஓசைதான். ஒன்பதாவது வாரம் யாரோ எடுத்துவிட்டார்கள். அவளுக்கே அதிர்ச்சி.

வயதான ஆண் குரல். என்ன வேண்டும், எந்த நாள் என்று கேட்டது. சொன்னாள். பிறகு கேட்டது: "வண்டி நம்பர்?"

இதற்கு அவள் ஒன்பது வாரமாகத் தயாராக இருந்தாள். மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணம் சைக்கிளுக்கு வரி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வரி கட்டினால் ஒரு சின்னத் தகரத் தகடு தருவார்கள். ஆண்டும் எண்ணும் பொறித்திருக்கும். வரியை எடுத்து முப்பது வருடமாகப் போகிறது. கடைசியாக வந்த தகட்டை அவள் கழற்றவே இல்லை. இருக்கைக்குக் கீழே திருகு துருப்பிடித்து அப்படியே இருந்தது.

ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எழுத்து ஒண்ணும் இல்லையா? வெளிநாட்டு வண்டியாம்மா?"

"இல்லங்க. மேற்கு ஃப்ளாண்டர்ஸ்தான். பழைய வண்டி."

பேனா கீறும் சத்தம் கேட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். நான் சொன்னது பொய்யா? இல்லை, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் பொய் இல்லை என்று இத்தனை தடவை தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அது ஏன்? பதில் கிடைப்பதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்தது.

குறித்த வியாழக்கிழமை கடல் பக்கமிருந்து காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளின் பின்னால் இருசக்கரத் தள்ளுவண்டி ஒன்றைக் கொக்கி போட்டு, பழைய மெத்தைத் துண்டு விரித்திருந்தாள். பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களின் நடுவே நான்கு மணி நேரம் மிதித்தாள். ஏற்றமே இல்லாத ஊரில் காற்றே ஏற்றம்.

மடத்தின் பக்கவாசலில் கார்கள் வரிசையாக, பின்கதவைத் திறந்துவைத்து நின்றன. ஆர்லெட் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னாலும் கார்கள் வந்து நின்றன. இரண்டு காருக்கு நடுவில் சைக்கிளோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். மஞ்சள் மேலங்கி போட்ட ஆள் ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகச் சரிபார்த்துவந்தார்.

அவள் முறை வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "சைக்கிள் நிறுத்துற இடம் அந்தப் பக்கம்மா."

"நிறுத்த வரல. வாங்க வந்திருக்கேன். நம்பரப் பாருங்க."

அவர் குனிந்து தகட்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இது செத்துப்போன நம்பர், இது வண்டி நம்பரே இல்லை, கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று பொறுமையாகவே சொன்னார். ஆர்லெட் அசையவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர் இறங்கி வந்து, தன் நம்பரில் ஒரு பெட்டியை அவளுக்குத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். நன்றி சொல்லி மறுத்தாள். அதற்கும் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஒருவேளை இது வெறும் பிடிவாதமோ என்று அப்போது அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. பெட்டி கைக்கு வருகிறது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. ஆனால் கால் நகர மறுத்தது.

ஹாரன் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு துறவி வந்தார். வெள்ளை அங்கியின் மேல் ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை ஈரம், உடம்பெல்லாம் வறுத்த தானிய வாசனை. பிரதர் வினோக் என்று மஞ்சள் மேலங்கிக்காரர் அழைத்தார். விஷயம் சொல்லப்பட்டது. துறவி தகட்டருகே குனிந்து, கட்டைவிரலால் துருவைத் தேய்த்து எண்ணைப் படித்தார்.

"பழைய வண்டின்னு சொன்னீங்க," என்றார். தொலைபேசியில் கேட்ட அதே குரல்.

"இதவிடப் பழசு இந்த வரிசையில இருக்கா பிரதர்?"

அவர் சிரிக்கவில்லை. "நாங்க எதுக்கு நம்பர் கேக்குறோம்னு தெரியுமா?"

"ஒரே ஆளு திரும்பத் திரும்ப வந்து அள்ளிட்டுப் போய் விக்கக் கூடாதுன்னு."

"ஆமா."

"முப்பத்தொரு கிலோமீட்டர் எதிர்க்காத்துல வந்திருக்கேன். நாளைக்குப் படுக்கைய விட்டு எழுந்திரிச்சாலே பெருசு. இந்த வரிசையில பாருங்க. பொண்டாட்டி நம்பர், பக்கத்து வீட்டுக்காரன் நம்பர், செத்துப்போன அப்பா நம்பர் எல்லாம் நிக்கும். அவங்கள நீங்க கேக்குறதில்ல. ஏன்னா அவங்களுக்கு நம்பர் இருக்கு. எனக்கு வாக்கு மட்டும்தான் இருக்கு. நம்பர் வேணுமா, வாக்கு வேணுமா, நீங்களே சொல்லுங்க."

ஹாரன் அடித்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிரதர் வினோக் தள்ளுவண்டியில் விரித்திருந்த மெத்தைத் துண்டை அமுக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு பெட்டி தாங்காது."

"ஒண்ணுதான் கேட்டிருக்கேன். பட்டியலப் பாருங்க."

பார்த்தார். ஒன்று என்றுதான் அவர் கையெழுத்தில் இருந்தது. "ஏத்துங்க," என்று மஞ்சள் மேலங்கிக்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லோரையும் போல அவளும் பணம் கட்டினாள்; எல்லோருக்கும் போல அவளுக்கும் இரசீது கொடுத்தார்கள். அதில் அவள் பெயர் இருந்தது.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. ஆனால் கல் பாவிய சாலை வந்ததும் இறங்கிவிட்டாள். பாட்டில் அடியில் படிந்திருக்கும் மண்டி குலுங்கி எழுந்தால் ருசி கெடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தாள். வீட்டின் நிலவறையில் பெட்டியை வைத்துவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ருசி பார்க்கிற யாரும் குலுங்கிய பாட்டிலை அன்றே திறக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த மூன்று நாள், அந்த எட்டு வாரத்தைவிட நீளமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ரோசானையும் ஃபிர்மினையும் கூப்பிட்டிருந்தாள். பாலாடைக்கட்டித் துண்டுகள், கடுகு விழுது, செலரி உப்பு. ஒரே ஒரு பாட்டிலைத் திறந்தாள். கோப்பையைச் சாய்த்து, மண்டி விழாமல் மெதுவாக ஊற்றினாள். நுரை காப்பி நிறத்தில் எழுந்து நின்றது. முகர்ந்தாள். உலர்ந்த திராட்சை, கருகும் வெல்லம், ஏதோ மரப்பெட்டிக்குள் இருந்த துணி. குடித்தாள். இன்னொரு வாய். பிறகு பாட்டிலின் அடியில் இருந்த மண்டியைத் தனியாகச் சின்னக் கோப்பையில் விட்டு அதையும் குடித்தாள்.

"எப்படி?" என்றான் ஃபிர்மின், தானே காய்ச்சியவனைப் போல.

"நாலாவது."

"என்ன நாலாவது?"

"இதுவரைக்கும் குடிச்சதுல நாலாவது. நல்லா இருக்கு. கடைசியில இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

ஃபிர்மினுக்கு முகம் சிவந்துவிட்டது. யாரோ அவன் அம்மாவைத் திட்டியது போல எழுந்து நின்றான். அமெரிக்காவிலிருந்து, ஜப்பானிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தவம் கிடக்கிறார்கள், உலகத்திலேயே முதலிடம் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், பட்டாணி பொறுக்குகிறவளுக்கு என்ன தெரியும் என்று பொரிந்தான். ரோசான் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "நாலாவதுக்கா அக்கா இத்தன பாடு?"

அந்தக் கேள்வியை ஆர்லெட் மூன்று நாளாகத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். பீர் வேண்டியிருந்ததா, ஜெயிக்க வேண்டியிருந்ததா? இப்போது, நாக்கில் அந்த இனிப்பு இன்னும் நிற்கும்போது, பதில் தானாகவே வந்தது.

"முதலாவதுன்னு பதினாறு வருஷமா எல்லாரும் சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். குடிக்காம எப்படி மறுத்துப் பேசுறது? இப்பக் குடிச்சிட்டேன். இனிமே நான் சொல்றத நீங்க கேளுங்க."

ஃபிர்மின் உட்கார்ந்தான். சரி, பெட்டியில் மிச்சம் இருக்கும் இருபத்து மூன்று பாட்டில் அவளுக்கு எதற்கு, நாலாவதைப் போய் யார் சேர்த்துவைப்பார்கள், தன்னிடம் கொடுத்தால் நல்ல விலைக்குப் போகும் என்று இறங்கிய குரலில் ஆரம்பித்தான்.

"மூடி திறக்காத பாட்டில் ஒண்ணுகூட இந்த வீட்ட விட்டு வெளியே போகாது," என்றாள். பிறகு அவனை உற்றுப் பார்த்தாள். பட்டையில் ஏதோ ஒன்று வித்தியாசமாக உருண்டு வருகிற மாதிரி இருந்தது. "ஃபிர்மின், நீ இத எப்பக் குடிச்ச?"

அவன் கடுகு விழுதைக் கிளறினான்.

"ஒண்ணத் திறந்தா அவ்வளவு நஷ்டம்," என்று ரோசான் அவனுக்காகப் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

ஆர்லெட் சிரிக்கவில்லை. நிலவறைக்குப் போய் இன்னொரு பாட்டிலும் இரண்டு கோப்பையும் எடுத்து வந்தாள். ஒன்றை ரோசானின் முன்னாலும் மற்றொன்றை ஃபிர்மினின் முன்னாலும் வைத்து, மூடியைத் திறந்து, அவசரமில்லாமல் ஊற்றினாள்.

"குடி," என்றாள். "குடிச்சிட்டு, உனக்கு எத்தனாவதுன்னு நீயே சொல்லு."