கண்ணை மூடாமல் செய்கிற ஜெபம்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு நாள் என் சீட்டில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். இதே தொழிலில் இருந்துகொண்டு தூக்கத்திலும் பிரேக்கை மிதிக்கிறவர்களுக்கும், ஜெபத்தில் உட்கார்ந்த மறுநிமிஷம் மனசு வெளியே கிளம்பிவிடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

யாருக்குச் சொன்னது

கவிதா மலேசியாவில், எங்கள் ஜொகூர் மாநிலத்தின் காஹாங் பக்கம் ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகி ஸ்கூடாய் நகரத்துக்கு வந்தவள். புருஷன் விடிவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆறு வயது மகளுக்கு ஆஸ்துமா. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லை. அதற்காகத்தான் லைசென்ஸ் எடுக்க வந்தாள். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு தடவை டெஸ்ட் எடுத்து, இரண்டு தடவையும் மேட்டில் வண்டி பின்னால் உருண்டு ஃபெயில்.

முதல் நாள் அவளைப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் லோரி. என் கால் என் பக்கம் இருக்கிற பிரேக்கிலேயே. "ஆண்டவரே, கூட இரும்" என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டேன். மனசுக்குள் சொல்வதாகத்தான் நினைப்பு. ஆனால் "ஆண்டவரே", "கியரை மாத்து", "இரக்கமாயிரும்", "இடது பக்கம் பாரு" எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஓரமாக ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொன்னேன். கவிதா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, சாமிகிட்ட சொல்றத மனசுக்குள்ள சொல்லுங்க. எனக்குச் சொல்றத மட்டும் சத்தமா சொல்லுங்க."

ஞாயிறு திரும்பி வந்தது

ஜொகூரில் பல வருஷம் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். காலை ஆராதனைக்குப் போக முடியவில்லையே என்று நான் புலம்பாத வாரம் கிடையாது. பிறகு விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. நான் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். அடுத்த வாரமே ஃபோன் மேல் ஃபோன். பேக்டரி ஆட்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், எல்லாருக்கும் லீவு ஞாயிறுதான், எல்லாருக்கும் வகுப்பும் அன்றைக்கே வேண்டும்.

இந்த ஒரு வாரம் மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் ஏழு வாரமானது. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது மணிக்கு, இந்நேரம் முதல் பாட்டு ஆரம்பித்திருப்பார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் என்னோடு வேலை செய்கிற மணியம் அண்ணன் வாராவாரம் கோயிலுக்குப் போகிறவர். அவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "சிஸ்டர், முன்ன லீவு இல்லன்னு போகல. இப்ப லீவுன்னு போகல. உங்க சாமி எதைத்தான் நம்பும்?"

பக்கத்து இருக்கை

வெட்கப்பட்டு அடுத்த ஞாயிறு போனேன். கடைசி வரிசைக்கு முன் வரிசையில், எமிலி ஆன்ட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் நீண்ட ஜெபத்தை ஆரம்பித்தார். கண்ணை மூடினேன். மூடியதும் கவிதா மேட்டில் நிற்கிறாள். கிளட்சை விடுகிறாள். வண்டி உருளுகிறது. பின்னால் ஒரு வேன்.

ஆமென் என்று எல்லாரும் சொன்னபோதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. ஜெபத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இதற்காகவா ஏழு வாரம் ஏங்கினோம் என்று நொந்துகொண்டேன். அப்போது எமிலி ஆன்ட்டி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, அது பிரேக் இல்லை. என்ர கால்."

ரோஜாப் படம்

எங்கள் சர்ச் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை எட்டு மணிக்கு வேதவசனம் போடுவது என் பொறுப்பு. உலகக் கவலையில் மூழ்கிப்போகாமல் இருக்க இதுவாவது உதவும் என்று நானே கேட்டு வாங்கியது. ஒரு நாளும் தவறியதில்லை. தவறினால் விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விட்டேன் என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம்.

அன்று எட்டு மணிக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. கவிதா ஒரு தாமான் குடியிருப்புக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலியான ரோடு. கவலையைப் பற்றி ஒரு வசனம், பின்னால் எந்தப் படம் வைப்பது, ரோஜாவா, அருவியா என்று நான் ஃபோனில் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் இடித்தது. நிமிர்ந்தால், எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டாரில். அவருக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சந்திலிருந்து வந்திருக்கிறார். நான் பார்க்கவே இல்லை. என் கால் பிரேக்கின் மேல் இருக்கவே இல்லை. நிறுத்தியது கவிதா.

அவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எஞ்சின் செத்துக் கிடந்தது. ஃபோன் என் காலடியில் விழுந்திருந்தது. கவிதா, "யாருக்குக்கா அனுப்பிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். "சர்ச் குரூப்புக்கு. வசனம்," என்றேன். எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்ல வசனமா இருந்தா, வண்டிய நிப்பாட்டிட்டு நிதானமா படிச்சே அனுப்பலாமேக்கா."

குரூப்பில் எழுதியது

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் சீருடையே கண்ணில் நின்றது. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கடுமையாகவே பேசினார். இனி வகுப்பு நேரத்தில் ஃபோன் ஆபீஸ் டிராயரில் என்று முடிவானது. ஞாயிறு காலை எனக்கு வகுப்பு வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டிருந்ததால் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

பிறகு குரூப்பில் எழுதினேன்: 'உங்களுக்கு வசனம் அனுப்பப் போய் இன்று காலை ஒரு குழந்தைமேல் வண்டி ஏறியிருக்கும். தடுத்தது நான் இல்லை. இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.' உடனே பதில்கள் வந்தன. ஆமென். ஆமென். இரண்டு கும்பிடும் கை. ஒரு பூங்கொத்து. மறுபடி ஆமென். சாயங்காலம் எமிலி ஆன்ட்டி மட்டும் ஃபோன் செய்தார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "பிள்ளை, நீர் இவ்வளவு நாளும் அனுப்பினதை நான் ஒருநாளும் வாசிச்சதில்லை. இண்டைக்குத்தான் வாசிச்சனான்."

மூன்றாவது தடவை

டெஸ்ட் அன்று நாங்கள் காரில் ஏற முடியாது. அதிகாரி பக்கத்தில் உட்காருவார், நாங்கள் கொட்டகையில் காத்திருக்க வேண்டும். ஃபோன் டிராயரில். கவிதா போய் மேட்டடியில் வரிசையில் நின்றதும் ஜெபிக்க ஆரம்பித்தேன். 'ஆண்டவரே, இந்தப் பெண்ணுக்கு...' என்பதற்குள் கிளட்ச் ஞாபகம். திரும்பி வந்தேன். அந்தக் குழந்தையின் சீருடை. மறுபடி வந்தேன். மணியம் அண்ணன் யாரிடமோ மீன் விலை பேசுவது கேட்டது. மறுபடி வந்தேன். எத்தனை தடவை திரும்பினேனோ தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலேயே ஆண்டவர் எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. எதையும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கவிதா எதிரே நின்றுகொண்டிருந்தாள், கையில் பாஸ் தாள். மேட்டில் வண்டி ஒரு அங்குலம்கூட உருளவில்லையாம். அழுதது நான்தான். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். பாஸ் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்கக்கா. பக்கத்துல நீங்க இல்லாததுனால கொஞ்சம் பதட்டமில்லாம ஓட்டுனேன்."

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போய்விடுகிறேன், மனசு மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது என்றாலும் கடைசியில் போதகர் ஆசீர்வாதம் கூறுவதற்குள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.