ஸ்டார்ட்டரில் கட்டிய துணி

கரண்ட் போனால் என்னால் உட்கார முடியாது. மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தேடிப் போய் அணைத்துவிட்டு வருவேன். அணைத்ததையே மறுபடி போய்ப் பார்ப்பேன். அம்மா ரோந்து கிளம்பிவிட்டாள் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்களுக்குக் கரண்ட் போவதுதான் தொல்லை. எனக்கு அது திரும்பி வருவதுதான் பயம்.

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கல்யாணமாகிப் போனேன். மாமனாருக்குச் சொந்தமாக ஒரு வெல்ல ஆலை இருந்தது. ஆலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொட்டகை, கரும்பு பிழியும் மூன்று இரும்பு உருளைகள், அவற்றை ஓட்ட ஒரு மோட்டார், சாறு காய்ச்ச ஒரு கொப்பரை, அவ்வளவுதான். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் என் வேலை. சுவரில் இருந்த ஸ்டார்ட்டரின் கைப்பிடியை மேலே தள்ளினால் ஓடும். கரண்ட் போனால் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது தள்ளிவிட்டால்தான் மறுபடி ஓடும். ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் ஊருக்கு வரும் கரண்டில் வோல்டேஜ் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. அது குறைகிறபோதெல்லாம் கைப்பிடி டக்கென்று விழும். கரும்பு உருளைகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். மாமனார் என்னைப் பார்த்து முணுமுணுப்பார், ஏதோ நான்தான் கரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டதுபோல. ஒரு நாள் எரிச்சலில் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து, கைப்பிடியை மேலே தள்ளி, சுவர் ஆணியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அது விழவே இல்லை. மருமகளுக்கு மூளை இருக்கிறது என்றார் மாமனார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

உருளைக்குள் கரும்பு விடுவது அக்காவின் வேலை. சொந்த அக்கா இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து கூலிக்கு வருபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஊரில் என்னோடு முதலில் சிரித்துப் பேசியவர் அவர்தான். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. சிக்கிய கரும்பை இழுத்தெடுக்க அக்கா வலது கையை உள்ளே விட்டார். எல்லாரும் எப்போதும் செய்வதுதான். கரண்ட் வந்தது. கைப்பிடி கட்டிக் கிடந்ததால் மோட்டார் யாரையும் கேட்காமல் ஓடியது. நான் ஸ்டார்ட்டரிடம் ஓடி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இறுகிப்போயிருந்த அது வரவில்லை. என் கணவர்தான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி நிறுத்தினார். அதற்குள் நான்கு விரல்களும் போய்விட்டன.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, அவசரப்பட்டுக் கையை விட்டுவிட்டாள் என்றார் மாமனார். ஊரும் அதையே சொன்னது. நான் சும்மா இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சும்மாதான் இருந்தேன். மூன்று நாள் ஆலை ஓடவில்லை. நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. துணியை அவிழ்த்தால், கட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம்.

நான்காம் நாள் காலையில் தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் தலையணை அளவுக்குக் கட்டு. ஒரு குறையும் சொல்லாமல் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"அந்தத் துணிய அவுத்துட்டயா கண்ணு?"

உருளைகளின் முன்னால் தன் இடத்தில் இருந்தபடி தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார். விரல் போன மனுஷியிடம், ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"அவுத்துட்டேங்க்கா."

"நல்லது. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு எனக்குப் பதிலா ஆலைக்குப் போயிருக்காரு. அவருக்குப் பொறுமை பத்தாது."

துணி இன்னும் கட்டியபடியேதான் கிடந்தது. தூக்குப்போசியைக் கழுவாமலே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பாலக்கோடு பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆனால் கிளம்புவதாக இல்லை. மேலே காலித் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூட இப்படிப் பறப்பதில்லை என்றார் அவர்.

பஸ் கிளம்பியதும் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். வழியெல்லாம் கிணறுகள். பம்புசெட் குழாயில் தண்ணீர் கொட்டினால் கரண்ட் இருக்கிறது, ஆலை ஓடிக்கொண்டிருக்கும், யாரும் உள்ளே கை விடமாட்டார்கள். தண்ணீர் நின்றிருந்தால்தான் ஆபத்து. ஒரு தோட்டத்தில் தண்ணீர் கொட்டியது, மூச்சு வந்தது. அடுத்த தோட்டத்தில் தென்னை மறைத்துவிட்டது. அந்தத் தென்னையைத் திட்டினேன். அதற்கடுத்த கிணற்றில் குழாய் காய்ந்து கிடந்தது. ஒருவர் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு லைன், எங்கள் ஊர் லைன் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கிணற்றிலும் தண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், எழுந்து எழுந்து உட்காருகிறாயே, மூட்டைப்பூச்சியா என்று கேட்டார்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் ஆலைச் சத்தம் சாலைவரை கேட்கும். அன்று கேட்கவில்லை. ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது.

கொட்டகையில் அக்காவின் கணவர் உருளைகளின் முன்னால் குனிந்திருந்தார். கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது. நேராக ஸ்டார்ட்டரிடம் போனேன். முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கைப்பிடி டக்கென்று விழுந்தது.

அன்று கரண்ட் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் வரவில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாதே. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கம்மா அவிழ்த்தாய் என்று மாமனார் கேட்டார். இதைக் கட்டியது நான், அக்காவின் கை போனது அவசரத்தால் இல்லை, இந்தத் துணியால்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமனார் தரையைப் பார்த்தார். அக்காவின் கணவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இப்பத்தான் அவுக்கறயா? அந்தப் பொண்ணு மொத நாளே அவுத்திருக்கும், நீ பயப்படாம போன்னு சொல்லித்தான அவ என்னை அனுப்புனா."

இதைச் சொல்லும்போதும் அவர் கை உருளைகளுக்கு நடுவில்தான் இருந்தது.