துணி ஒட்டாத பக்கம்

அக்காவைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்களுக்குச் சட்டை தைக்கும் கடை அது. துணியை வெட்டுகிறவரை மாஸ்டர் என்பது தையல் தொழிலின் வழக்கம். வெட்டுவது பெண் என்பதற்காக யாரும் அதை மாற்றவில்லை. கீழே கடை, மேலே இரண்டு அறைகள், அவற்றில் அவளும் நானும். அவள் வெட்டிய சட்டைகளால்தான் நான் கல்லூரி முடித்துக் கணக்கு வாத்தியார் ஆனேன். அதனால் எனக்கு வீட்டுப் பெயர் வாத்தியார். பாராட்டாக அல்ல.

கடையில் இன்னொருவர் காஜாக்காரர். பொத்தான் துளைகளைக் கத்தரித்து, ஓரத்தை நூலால் கட்டுவது அவர் வேலை. அக்காவைவிட மூத்தவர். வாயும் ஓயாது, கையும் ஓயாது.

அக்காவின் அளவு நோட்டுக்கு ஒரு முறை இருந்தது. பக்கத்துக்கு ஒருவர். பெயர், தோள், மார்பு, கை, கழுத்து. ஓரத்தில், அவர் கொண்டுவந்த துணியிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிடுவாள். ஒட்டினால்தான் வேலை ஏற்றதாகக் கணக்கு. துணி இல்லாமல் அளவு கொடுக்க வருகிறவர்களை, "துணியோட வாங்க. வெறும் உடம்பை வெச்சு நான் என்ன பண்றது?" என்று திருப்பி அனுப்புவாள்.

நோயை முதலில் காட்டிக்கொடுத்ததும் அந்த நோட்டுதான். ஐம்பத்து மூன்று வயதில் அவள் எழுதும் எண்கள் சிறுக்க ஆரம்பித்தன. பக்கத்தின் தலையில் எறும்பு அளவில் தொடங்கி, அடிக்கு வருவதற்குள் எள் அளவாகிவிடும். நான் போய் என் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து வலது கை நடுங்கிய பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். பார்க்கின்சன் என்றார். ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் எண்கள் பழைய அளவுக்கு வந்துவிட்டன. அக்கா நோட்டைத் தூக்கிக் காட்டி, "பார்றா, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி எவ்வளவு பெரிசா இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முகம் முழுதும் அசைந்தது. முகம் அசையாமல் போயிருந்ததை அதுவரை நான் கவனித்திருக்கவில்லை.

நாலைந்து வருடம் நல்ல வருடங்கள். பிறகு மாத்திரை நேரம் பார்த்து வேலை செய்தது. சாப்பிட்டு நாற்பது நிமிடத்தில் கை திறக்கும். மூன்று மணி நேரத்தில் மூடிவிடும். "கரண்ட் வந்துடுச்சு," "கரண்ட் போச்சு" என்பாள். முட்டையும் பருப்பும் அந்த மாத்திரைக்குக் குறுக்கே நிற்கும் என்று தெரிந்ததும் இரண்டையும் ராத்திரிக்குத் தள்ளினாள். கரண்ட் வந்ததும் மேசைமேல் துணியை விரித்து, ஒரே மூச்சில் நாலு சட்டை வெட்டுவாள்.

கரண்ட் உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக ஆடும். தோள் ஒரு பக்கம் வளையும், தலை மறுபக்கம் போகும். அதுவும் மாத்திரையின் வேலைதான். வயிற்றை மேசை விளிம்பில் அழுத்தி, ஆட்டம் ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடைவெளியில் கத்தரியை ஓட்டுவாள்.

"பாட்டே கேக்கலையே, எதுக்கு மாஸ்டர் ஆடறீங்க?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"உங்க தொப்பைக்குத் துணி பத்திடுச்சேங்கற சந்தோஷம்தான்."

காஜாக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவளுக்கு வேண்டியது அந்த மூன்று மணி நேரம்தான். மற்றதெல்லாம் போகட்டும் என்பாள். "வெட்டாத நாளைக்கு நான் எதுக்குடா எழுந்திருக்கணும்?"

எட்டாவது வருடம், மஞ்சள் போதாத நேரத்துக்கென்று ஒரு வெள்ளை மாத்திரையும் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை நோட்டைப் புரட்டியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. தோள் பதினெட்டு. மார்பு நாற்பத்திரண்டு. கை இருபத்தைந்து. எண்கள் பெரிதாக, திடமாக இருந்தன. பெயர் இல்லை. ஓரத்தில் துணியும் இல்லை.

"இது யாருது?" என்று காஜாக்காரரிடம் கேட்டேன். அவர் காஜாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார். "மாஸ்டரையே கேளுங்க சார்."

அக்கா மறைக்கவில்லை. "கதவோரமா ஒருத்தர் வந்து நிப்பார். கரண்ட் வந்தா வருவார், போனா போயிடுவார்."

"யாரு?"

"யாரும் இல்லடா. இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதான் துணி ஒட்டலை."

"அளவு மட்டும் எதுக்கு எடுத்தே?"

"எத்தனை நாள்தான் சும்மா நிப்பார், பாவம். கண்ணாலதான் எடுத்தேன். டேப் போட்டா கீழே விழுந்துடும்ல." பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதே. மாத்திரையைக் குறைச்சிடுவாங்க. அவரோட என் கையும் போயிடும்."

நான் சொல்லிவிட்டேன். இல்லாத ஒருவரோடு அவள் பேசிக்கொண்டிருப்பாளோ என்று நினைத்து எனக்குப் பகலெல்லாம் பாடம் ஓடவில்லை. பள்ளியிலிருந்தே போன் செய்தேன். டாக்டரம்மா வெள்ளையை நிறுத்தி, மஞ்சளையும் குறைத்தார்.

கதவோரத்து ஆள் போய்விட்டார். அக்கா மேசைமுன் நின்றாள்; கத்தரி விரியவில்லை. கடை வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினோரு நாள் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த ஆள் நின்னா நமக்கென்ன சார்?" என்றார் காஜாக்காரர். "இடத்தை அடைச்சாரா, தண்ணி கேட்டாரா? பாதி வாடிக்கையாளருங்க அவரை மாதிரி இருந்தா நல்லா இருக்கும்."

பன்னிரண்டாம் நாள் அவளுக்கு நான் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது அக்கா பேசினாள். குரல் நூல் மாதிரி வந்தது. "வாத்தியாரே, ரெண்டு பேர்ல ஒருத்தரைக் கழிச்சா ஒருத்தர் மிச்சம்னு கணக்குப் போட்டே. ரெண்டு பேருமே போயிட்டோம்."

மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துக் கேட்டார்.

"அவரைப் பார்த்தா பயமா இருக்கா?"

"இல்லைம்மா. ரொம்ப மரியாதை. உக்காருங்கன்னாலும் உக்கார மாட்டார்."

"நிஜமா இருக்காருன்னு தோணுதா?"

"தோணினா துணி வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வெள்ளை வேண்டாம், மஞ்சள் பழைய அளவுக்கே வரட்டும் என்றார். ஆனால் என்றைக்கு அவரை நிஜம் என்று நம்ப ஆரம்பிக்கிறாளோ, அன்றைக்கே தனக்குத் தெரியவேண்டும் என்று சொன்னார். அக்காவே அதற்கு வழி சொன்னாள். "அவருக்கு நான் துணி வெட்டினா, இவன் உங்களுக்குப் போன் போடட்டும்."

கையும் வந்தது, அவரும் வந்தார். "இப்ப உள்ளே வர்றதில்லை. ரோட்டோட நின்னுடறார். உன் மேல கோவமோ என்னவோ," என்றாள்.

இரண்டு வருடம் தினமும் மாலையில் வெட்டு மேசையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது கடையில் யாரும் இல்லை. மேசைமேல் வெளிர்நீலத் துணி, முன்பாகம், முதுகு, கை என்று வெட்டி அடுக்கியிருந்தது. வழக்கமாகக் கட்டோடு செருகும் பெயர்ச்சீட்டு இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் இல்லை. எள் அளவு எண்கள். ஓரத்தில் நீலத் துண்டு ஒட்டியிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டபடியே மேலே ஏறினேன். அக்கா கட்டிலில் கரண்ட் போன நிலையில் கிடந்தாள். திரும்பக்கூட முடியவில்லை, கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"அவருக்கு வெட்டிட்டியா அக்கா?"

"யாருக்கு?"

"நீலத் துணி. பேர் எழுதலை."

"வீட்டு ஆளுக்கு எதுக்குடா பேரு? அவர் தோள் பதினெட்டு. இதுல எவ்வளவு எழுதியிருக்கு?"

"தெரியலை. பார்க்கலை."

"பதினேழு. கணக்கு வாத்தியாராம், எண்ணைப் பார்க்காம துணியைப் பார்த்துட்டு ஓடி வர்றான். நல்லா படிக்க வெச்சேன் உன்னை."

போனில் டாக்டரம்மா "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லை டாக்டர். மாத்திரை தீரப்போகுது. சீட்டு வேணும்."

அக்காவின் முகம் அசையவில்லை. ஆனால் அவள் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நீலச் சட்டைக்கு எனக்கும் டேப் போடாமல் கண்ணாலேயே அளவெடுத்திருக்கிறாள். டேப்பைப் பிடிக்க விரல் வராததால். மிஷினில் வைத்துத் தைத்ததும் அவளேதான், ஒன்பது கரண்டில். காஜா மட்டும் காஜாக்காரர். போட்டுப் பார்த்தபோது தோள் கச்சிதம், கழுத்து கச்சிதம். வலது கை மட்டும் அரை அங்குலம் நீளம். வெட்டும்போது ஆட்டம் கொஞ்சம் முந்திவிட்டது.

"கழட்டி வை. அடுத்த கரண்ட்ல சரி பண்ணிடறேன்," என்றாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் ஒன்பது நாள். ஒவ்வொரு மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லி நான் நர்சுகளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். விழுங்க முடியாமல் போனபோது, குழாய் வழியாகக் கரைத்துக் கொடுத்தார்கள். கரண்ட் வரவில்லை.

அவள் போய் நாற்பது நாள் ஆகிறது. நோட்டை எடுத்து அந்த ஆளின் பக்கத்தைப் பார்த்தேன். கடைசிவரை அதில் துணி ஒட்டவில்லை.

சட்டையின் கையைப் பிரித்துச் சரியாக்கித் தருவதாகக் காஜாக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். வாரத்தில் ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கைநுனி பட்டு, எழுதிய எண்கள் பாதி அழிந்துவிடுகின்றன. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி எழுதுகிறேன், கொஞ்சம் பெரிதாகவே.